மாடியிலிருந்து ஓராண்டு: கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இயற்கைக் குறிப்பேடு வைக்கும் முறை

ஆய்வகத்தில் கருவிகள் தரும் எண்களுக்கும், விடியற்காலையில் வீட்டு மாடியில் நின்று நான் எழுதிவைக்கும் குயில், வேம்பு, மழைக் குறிப்புகளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். இருபது ஆண்டு கழித்து, யாரிடமும் உரிமம் வாங்காமல், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல், என்னை முன்பின் அறியாத ஒருவர் அதைத் திறந்து படிக்க இயலுமா என்பதே அது. எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது, எந்தக் கருவியை வாங்காமல் விடுவது என்பதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடும். சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடி, ஒரு பழைய மடிக்கணினி, கையிலிருக்கும் கைப்பேசி ஆகியவற்றைக் கொண்டு ஓராண்டுக் குறிப்பேட்டை எப்படி வைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் பறவையையும் மரத்தையும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாள்களைப் பற்றிய பதிவுகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. அரண்மனைக் குறிப்புகளையும் பழைய நாட்குறிப்புகளையும் தேடிப் படித்து அவற்றை ஒரே தொடராக ஒழுங்குபடுத்தியவர் யசுயூகி ஆவோனோ என்ற ஆய்வாளர். 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று அங்கே பூப்பு உச்சத்தை எட்டியபோது, 1,200 ஆண்டுகளில் இதுவே மிக முந்தைய நாள் என்று சொல்ல முடிந்தது அந்தத் தொடரால்தான். எழுதிவைத்தவர்களுக்குப் பருவநிலை பற்றிய கவலை எதுவும் இருந்திருக்காது. பூப்பார்க்கும் விருந்து என்றைக்கு நடந்தது என்று எழுதினார்கள், அவ்வளவே. தாளில் மையால் எழுதியிருந்ததால் எழுத்தறிந்தவர் பிற்காலத்தில் படிக்க முடிந்தது. நான் மாணவனாக இருந்தபோது அப்போது புழங்கிய ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து சேமித்த களக்குறிப்புகளோ, இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. இருபத்தைந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. பாமினி, டிஸ்கி, டேப் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறையில், எழுதிய தலைமுறைக்கு இந்த வலி தெரியும்.

மென்பொருளைப் பற்றி ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்ற சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பதால், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு அந்த இயக்கத்தினர் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. யாரும் பயன்படுத்தவும், மூலநிரலைப் படித்து மாற்றவும், பிறரோடு பகிரவும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசமானது, ஆனால் கட்டற்றதன்று. நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். பார்ப்பதற்கும் கற்பதற்கும் இலவசச் செயலி போதும். சேமித்துவைப்பதற்கு மட்டும் கட்டற்ற மென்பொருளும் திறந்த கோப்பு வடிவமும் வேண்டும் என்பது என் வழக்கம்.

எதைப் பார்ப்பது

கணினியைத் திறக்கும் முன் கண்ணால் பார்க்கப்போவது எதை என்று முடிவு செய்யவேண்டும். ‘எல்லாவற்றையும்’ என்று தொடங்கும் குறிப்பேடு மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும். ஒரு மரம், ஒரு பத்து நிமிடம், ஒரு மழைமானி என்ற மூன்றோடு தொடங்குமாறு நான் சொல்வேன்.

மரத்தைப் பொறுத்தவரை, தினமும் கடந்துசெல்லும் மரமாக இருக்கவேண்டும். அரிய மரமாக இருக்கவேண்டியதில்லை. வேம்பு, புங்கு, கொன்றை மூன்றுமே நல்ல தேர்வுகள். வாரத்துக்கு ஒருநாள், அதே கிழமையில், அந்த ஒரே மரத்தில் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஆகியவை ‘இல்லை’, ‘சில’, ‘பல’ என்ற மூன்று நிலைகளில் எதில் இருக்கின்றன என்று குறிக்கவேண்டும். இந்தியா முழுவதும் மரங்களின் பருவத்தைப் பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டமும் இவ்வாறு எளிமையாகவே கேட்கிறது. சதவீதம் போட முயலவேண்டாம். நாற்பது சதவீதம் பூத்திருக்கிறது என்று இன்று எழுதும் கை, அடுத்த வாரம் அதே காட்சிக்கு அறுபது என்று எழுதும்.

பத்து நிமிடம் பறவைகளுக்கானது. சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், ஒரே இடத்தில் நின்று, கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய பறவைகளைக் குறிக்கவேண்டும். கடிகாரம் பார்த்துத் தொடங்கி, கடிகாரம் பார்த்து முடிக்கவேண்டும் என்பது இதில் முக்கியம். பங்குனியில் குயில் அதிகமாகக் கூவியது என்று நான் எழுதினால், குயில் அதிகமாகக் கூவியதா அல்லது பங்குனியின் இதமான காலையில் நான் அதிக நேரம் மாடியில் நின்றேனா என்ற ஐயத்தை அந்தப் பத்து நிமிடக் கட்டுப்பாடு ஒன்றே தீர்க்கும். உழைத்த நேரத்தைக் குறிக்காத எண்ணிக்கையை அறிவியலில் பயன்படுத்துவது மிகக் கடினம்.

அட்டவணையும் தேதியும்

குறிப்புகளை நோட்டுப்புத்தகத்தில் பென்சிலால் எழுதுவதே எனக்குப் பிடிக்கும். மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது. வார இறுதியில் அதைக் கணினியில் ஏற்றும்போது லிபரே ஆபீஸ் கால்க் விரிதாளைப் பயன்படுத்துகிறேன். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தட்டச்சு செய்தவற்றை விரிதாளின் சொந்த வடிவத்தில் சேமிக்காமல், சிஎஸ்வி எனப்படும் வெற்று உரைக் கோப்பாக, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கவேண்டும். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வரிகளன்றி வேறில்லை. எந்தச் சாதாரண உரைத் தொகுப்பியிலும் திறக்கும். தமிழில் எழுதிய சிஎஸ்வி கோப்பைச் சில விரிதாள் மென்பொருள்களில் இருமுறை சொடுக்கித் திறந்தால் எழுத்துகள் சிதறித் தெரியக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதாகப் பதறி அதன்மீதே மீண்டும் சேமித்துவிடாமல், மூடிவிட்டு, இறக்குமதி வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்கவேண்டும்.

ஒரு வரியில் ஒரே ஒரு கவனிப்பு இருக்கவேண்டும். தேதி, தொடங்கிய நேரம், நிமிடங்கள், இடம், தமிழ்ப்பெயர், அறிவியற்பெயர், எண்ணிக்கை, பார்த்ததா கேட்டதா, பார்த்தவர், குறிப்பு என்று பத்து நெடுவரிசைகள் போதும். தமிழ்ப்பெயரோடு அறிவியற்பெயரும் எதற்கு என்று கேட்கலாம். தவிட்டுக்குருவி, கல்லுக்குருவி போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வேறு பறவைகளைக் குறிக்கக்கூடும். அதற்காகத் தமிழ்ப்பெயரை விட்டுவிடவும் கூடாது. ‘ஆறுமணிக்குருவி’ என்ற பெயரில், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும் அதன் இயல்பே பதிவாகியிருக்கிறது. இலத்தீன் பெயரில் அந்தச் செய்தி இல்லை.

தேதியைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆகவே ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என்றே எழுதவேண்டும். அப்படி எழுதினால் கோப்புப் பெயர்களும் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று முன்கூட்டியே வகைப்படுத்திவிடவும் வேண்டும், ஏனென்றால் விரிதாள்களுக்குத் தேதியைக் கண்டால் கை சும்மா இருக்காது. செப்ட்2, மார்ச்1 என்ற சுருக்கப்பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் செப்டம்பர் 2 என்றும் மார்ச் 1 என்றும் மாற்றிக்கொண்டே இருந்தது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்து வெளிவந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அவற்றின் பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. மென்பொருளைத் திருத்தச் சொல்லி வெல்ல முடியாமல் மனித மரபணுவின் பெயரை மாற்றியது எனக்கு இன்றும் சிரிப்பையும் எரிச்சலையும் ஒருசேரத் தருகிறது.

வெற்றுக் கட்டமும் சுழியமும் ஒன்றல்ல என்பதை அட்டவணை தொடங்கும் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். பத்து நிமிடம் நின்றேன், குயில் இல்லை என்றால் 0. அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன், மாடிக்கே போகவில்லை என்றால் வெற்றுக் கட்டம், அல்லது ‘பார்க்கவில்லை’ என்ற சொல். புதியவர்கள் கண்டதை மட்டும் எழுதிக் காணாததை விட்டுவிடுவார்கள். ஓராண்டின் முடிவில் ஆவணியில் குயில் இல்லையா, ஆவணியில் நீங்கள் இல்லையா என்று யாராலும் சொல்ல இயலாது. என் கோப்பில் மிகுந்த மதிப்புள்ள வரிகள் எவை என்று கேட்டால், 0 என்று முடியும் வரிகளைத்தான் காட்டுவேன்.

மழையை அளப்பது

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். இதைப் புரிந்துகொண்டால் மழைமானியை வீட்டிலேயே செய்துவிடலாம். 16 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. ஆகும். எனவே அதன் கீழுள்ள புட்டியில் சேரும் ஒவ்வொரு 20 மில்லி லிட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை. காலையில் 130 மில்லி லிட்டர் இருந்தால் 6.5 மி.மீ. பெய்திருக்கிறது. வேறு அளவுப் புனலாயின், மில்லி லிட்டரைச் சதுர சென்டிமீட்டரால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும். சேர்ந்த நீர் ஆவியாகாமல் இருக்க, குறுகிய கழுத்துள்ள புட்டியைப் பயன்படுத்தி நிழல்படுமாறு சுற்றிலும் எதையாவது கட்டிவிடவேண்டும். அளப்பதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சு போதுமானது.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சுவர், தண்ணீர்த் தொட்டி, தென்னை எதுவாக இருந்தாலும், மானியின் வாய்க்கு மேலே அது எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்குத் தொலைவாவது தள்ளி வைக்கவேண்டும். மொட்டை மாடியில் காற்றின் வேகம் அதிகம் என்பதால் அளவு சற்றுக் குறையும். இடத்தை மாற்றாமல் வைத்திருந்தால் அந்தக் குறை ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். நேரமும் மாறக்கூடாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுகிறது. நாமும் அப்படியே எழுதினால்தான் ஒப்பிட முடியும். நள்ளிரவில் பெய்த மழையை ‘நேற்று’ என்று எழுதினால் ஒரு நாள் நழுவிவிடும்.

வானிலைத் துறை அளக்கும்போது நாம் எதற்கு என்ற கேள்விக்கு 2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரம் விடை சொல்லும். தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவான அதே பொழுதில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவாகியது. ஒரே நகரத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கையில், உங்கள் தெருவுக்கு எவ்வளவு என்பதை உங்கள் புனல்தான் சொல்லவேண்டும்.

முன்பு ஒரு தானியங்கி வானிலைக் கருவியை வாங்கி மாடியில் பொருத்தியிருந்தேன். மழை, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விற்ற நிறுவனத்தின் வழங்கிக்கு (இணையத்திலுள்ள அவர்களது கணினிக்கு) அனுப்பும். நான் செயலியில் பார்த்து மகிழ்வேன். ஒருநாள் சேவை நிறுத்தப்படுவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. தரவைப் பதிவிறக்க வழி இருக்கவில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கருவி அன்றோடு பிளாஸ்டிக் பொம்மையாகிவிட்டது, இரண்டாண்டு மழையும் போயிற்று. எனவே எதையேனும் வாங்குவதானால், இணையத்தைத் துண்டித்தபின் இது இயங்குமா, எண்களை வெற்றுக் கோப்பாக என் கணினிக்குத் தருமா என்ற இரண்டையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இயற்கையைப் பார்ப்பதற்கென்று புதிய மின்னணுக் கழிவை உண்டாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகள் அனைத்துக்கும் அது போதும்.

படமும் ஒலியும்

கைப்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரமும், இருப்பிட வசதி திறந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற கட்டற்ற கருவியால் அவற்றைப் படிக்கலாம், திருத்தலாம், நீக்கலாம். அடையாளம் தெரியாத பூச்சியையும் செடியையும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பிறர் உதவுவார்கள். 2008இல் பெர்க்லியில் முதுகலை மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய அத்தளத்தின் மூலநிரலும் பொதுவில் இருக்கிறது. ஏற்றும் முன் இருப்பிடத்தை எவ்வளவு துல்லியமாகக் காட்டவேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டு மாடியை உலகுக்குக் காட்டவேண்டிய தேவை இல்லை. அதைவிட முக்கியமாக, நட்சத்திர ஆமை, தேவாங்கு போன்றவற்றைப் பிடித்து விற்பவர்களும் வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள்தாம். அழிவின் விளிம்பிலுள்ளவை எனப் பட்டியலிடப்பட்ட இனங்களின் இடத்தைத் தளமே மங்கலாக்கிவிடும் என்றாலும், கூடு, வளை ஆகியவற்றின் இடத்தை நாமே மறைத்துவைக்கவேண்டும். திறந்த தரவு என்ற கொள்கையில் நான் விட்டுக்கொடுக்கும் இடம் இது ஒன்றுதான்.

ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்ற கட்டற்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். எம்பி3 வடிவம் மனிதக் காதுக்கு வேண்டாதவை என்று கருதுவதைக் கழித்துவிடுவதால், கைப்பேசியில் வேவ் வடிவத்தில் பதிந்து, ஆடாசிட்டியில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். கிடைமட்டத்தில் காலமும் செங்குத்தில் சுருதியும் ஓடும் அந்தப் படத்தில், செம்மார்புக் குக்குறுவானின் ‘டுக் டுக்’ ஒரே உயரத்தில் சம இடைவெளியில் வைத்த புள்ளிகளாகவும், குயிலின் கூவல் படிப்படியாக மேலேறும் வளைவுகளாகவும் தெரியும். இரண்டு வாரம் இப்படிப் பார்த்தால், கண்ணால் பார்த்த குரலைக் காது மறப்பதில்லை.

எந்தப் பறவையின் குரல் என்று இயந்திரத்திடம் கேட்பதானால் பேர்ட்நெட் என்ற மென்பொருள் இருக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய இது, பதிவை மூன்று மூன்று விநாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்தப் பறவை என்று ஊகித்து 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும். அட்சரேகை, தீர்க்கரேகை, வாரம் ஆகியவற்றை உள்ளிட மறந்தால் ஐரோப்பியப் பறவைகளைத் தாம்பரத்தில் கண்டதாகச் சொல்லும். 0.7 என்ற மதிப்பெண்ணை எழுபது சதவீத உறுதி என்று படிக்கக் கூடாது. அந்த எண்ணின் பொருள் பறவைக்குப் பறவை மாறும். ஒவ்வொரு இனத்துக்கும் சில பதிவுகளையாவது நீங்களே கேட்டுச் சரிபார்த்து, இந்தப் பறவைக்கு எவ்வளவுக்கு மேல் நம்பலாம் என்று முடிவு செய்யவேண்டும். கரிச்சான் வல்லூறின் குரலைப் போலவே கத்தும். அதில் கருவியும் ஏமாறலாம், நானும் ஏமாந்திருக்கிறேன். ஆகவே என் அட்டவணையில் ‘பார்த்தவர்’ என்ற நெடுவரிசையில் இயந்திரம் சொன்னவற்றுக்கு ‘பேர்ட்நெட்’ என்றே எழுதுகிறேன், என் பெயரை எழுதுவதில்லை.

பதிந்த குரலைப் பறவைக்கே ஒலிபரப்பி அதை வெளியே வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். ஐப்பசி வாக்கில் நெடுந்தொலைவு பறந்து களைத்துச் சேரும் ஆறுமணிக்குருவி சில வேளை வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதுண்டு. அதற்கு அப்போது தேவை இரையும் ஓய்வுமே. இல்லாத எதிரியைத் தேடி அலைய அதனிடம் வலு இல்லை.

காப்பும் கணக்கும்

மூலக் கோப்பில் ஒருபோதும் திருத்தம் செய்யவேண்டாம். திருத்தவேண்டியதை அதன் நகலில் செய்து, ஏன் திருத்தினேன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸின் மையநிரலுக்காக எழுதிய, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் இதற்கு மிகப் பொருத்தமான கருவிதான். ஆயினும் கணினித் துறை சாராதவர்கள் அதைக் கற்பதிலேயே ஆர்வம் இழந்து விடுவதைப் பார்த்திருப்பதால், மாதந்தோறும் தேதியிட்ட பெயரில் ஒரு நகல் எடுத்து, ஒன்றைப் பென் டிரைவிலும் இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்தால் போதும் என்பேன். 2015 வெள்ளத்தில் கணினியும் காப்பு வட்டும் ஒரே மேசையடியில் மூழ்கியவர்கள் உண்டு.

முதல் ஆண்டுக்கு லிபரே ஆபீஸின் வரைபடங்களே போதும். இரண்டாம் ஆண்டில் அதே படத்தை மீண்டும் வரையவேண்டி வரும்போது புள்ளியியலுக்கான ஆர் என்ற கட்டற்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் உருவாக்கி, தங்கள் பெயர்களின் முதலெழுத்தையே சூட்டிய மொழி அது. விரிதாளில் சுட்டியால் இழுத்துச் செய்த கணக்குக்குச் சாட்சி எதுவும் மிஞ்சாது. ஆர் மொழியில் எழுதிய நிரலோ, என்ன செய்தேன் என்பதற்கு வரி வரியான வாக்குமூலமாக நிற்கும். மேலும், விடுபட்ட மதிப்பையும் சுழியத்தையும் அது தனித்தனியே நடத்தும். தெருவிலுள்ள மரங்களை வரைபடத்தில் குறிக்க விரும்புவோர் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் பின்னணியாக வைத்துக் க்யூஜிஐஎஸ் மென்பொருளைப் பயன்படுத்தலாம். பத்துப் பதினைந்து மரங்களுக்கு அது தேவையில்லை, கையால் வரைந்த படமே நன்றாக இருக்கும்.

கோப்பைப் பிறரோடு பகிர்வதானால் உரிமத்தைத் தெளிவாக எழுதவேண்டும். எதுவும் எழுதாவிட்டால் யாரும் எடுத்தாளலாம் என்று பொருளில்லை. சட்டப்படி அதற்கு நேர்மாறான பொருளே கிட்டும். ஐநேச்சுரலிஸ்ட் பதிவுகளில் ‘அனைத்து உரிமைகளும் காப்புடையவை’ என்று தேர்ந்தெடுத்தால், ஆய்வாளர்கள் தரவு எடுக்கும் ஜிபிஐஎஃப் களஞ்சியத்துக்கு அவை சென்று சேர்வதில்லை. பெயரைச் சுட்டினால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையே நான் தேர்கிறேன்.

கோப்போடு ‘என்னைப் படி’ என்ற பெயரில் ஒரு சிறு உரைக்கோப்பையும் வையுங்கள். மாடி தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், புனலின் விட்டம் எவ்வளவு, எந்தத் திசை பார்த்து நின்றீர்கள், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சுருக்கத்துக்கும் என்ன பொருள் என்பவை அதில் இருக்கவேண்டும். இதை ஆண்டு முடிவில் எழுதலாம் என்று தள்ளிப்போடாமல் முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். என் முதல் ஆண்டு நோட்டில் நாற்பது இடங்களுக்கு மேல் ‘கு’ என்று மட்டும் குறித்திருக்கிறேன். அது குயிலா குக்குறுவானா என்பது எனக்கே தெரியவில்லை.